ஆபீஸ் அம்மாவுக்கு முதல் மாலை

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு மாலை போட வேண்டுமென்றால் முதலில் சண்டை போட்டாக வேண்டும். கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு என்று கோர்ட்டுப் படியேறிய ஊர்கள் தஞ்சாவூர் ஜில்லாவில் நிறைய உண்டு. தேர் நின்றுவிடும், வழக்கு நிற்காது. அதனால் எங்கள் ஆஸ்பத்திரியின் நிர்வாக அதிகாரி ஓய்வு பெறப் போகிறார், ஒரு பாராட்டு விழா எடுக்கலாம் என்று பேச்சு வந்த அன்றே இது சண்டையில்தான் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அந்த ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் டிரைவர். பாபநாசத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி, மூன்று பக்கமும் வயல் சூழ்ந்த தர்ம ஆஸ்பத்திரி அது. நிர்வாக அதிகாரி என்று காகிதத்தில்தான் இருக்கும். பெரிய டாக்டரிலிருந்து கூட்டுகிற அம்மாள் வரை எல்லோருக்கும் அவர் ஆபீஸ் அம்மாதான். ஜன்னலில் உட்கார்ந்து நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, முப்பத்து மூன்று வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியையே தலையில் தூக்கிச் சுமக்கிற இடத்துக்கு வந்தவர். நெடுநெடுவென்று உயரம். வெளிர் நிறப் பருத்திப் புடவை, வெறும் நெற்றி. காலையில் வந்ததும் வார்டுக்குள் போகமாட்டார். முதலில் கக்கூஸைப் போய்ப் பார்ப்பார். பிறகு சமையல் கட்டில் ஒரு வாய்க் கஞ்சி. இரண்டும் தேறினால்தான் அன்றைக்கு நாங்கள் பிழைத்தோம்.

என்னை வேலைக்குச் சேர்த்துவிட என் அப்பா கூட வந்தார். அப்பா பண்ணையாளாக இருந்தவர். ஆபீஸ் அறை வாசலிலேயே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "உள்ள வாங்க, உக்காருங்க" என்றார் அம்மா. அப்பா திரும்பி, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். நிலம் வைத்திருந்த குடும்பத்து மருமகள் தன்னைப் பார்த்து 'வாங்க' சொல்லும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவர் நாற்காலியில் உட்காரும் வரை அம்மா பேச்சையே தொடங்கவில்லை. அப்பாவும் உட்காருவதாக இல்லை. எனக்கு வேலை கிடைக்க அன்றைக்கு ஒரு மணி நேரம் ஆனது அதனால்தான்.

என்னையும் அவர் 'நீங்க' என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் 'டிரைவர் சார்' ஆகிவிடுவேன். "டிரைவர் சார், வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்கிது?" என்று கேட்டால் ஓடிப்போய்த் திருப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் எப்போதும் ரோட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். கூப்பிட்ட குரலுக்குக் கிளம்ப வேண்டும், ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. அவருடைய கணவர் வயலுக்கு மடை திறக்கப் போன இடத்தில் கட்டுவிரியன் கடித்து, மாட்டு வண்டியில் தஞ்சாவூர் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். அப்போது அம்மாவுக்கு இருபத்திரண்டு வயதோ என்னவோ. அதன் பிறகுதான் வேலைக்கு வந்தார். விஷமுறிவு மருந்து எங்கள் ஐஸ் பெட்டியில் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் கிராமம் கிராமமாகப் போய், பாம்பு கடித்தால் வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள் என்று தொண்டை கிழியப் பேசுவார். வண்டியில் திரும்பும்போது பேசக் குரல் இருக்காது. எனக்கு அந்த நேரம்தான் நிம்மதி.

அவருக்குத்தான் விழா. ஆஸ்பத்திரிக் கமிட்டி, எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சுகளைப் போட்டுக் கூட்டம் கூட்டியது. பந்தல், நாயனம், வடை பாயசத்தோடு சாப்பாடு, வாழ்த்து மடல் எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிவாகிவிட்டன. வாழ்த்து மடலை டைப்பிஸ்ட் எழுதினார். அவருக்குக் கட்சி மேடைகளில் பழக்கம் உண்டு. "கனிவின் கடலே, கருணையின் கரையே, காவிரியின் கண்ணே" என்று 'க'விலேயே அரைப் பக்கம் போனார். எல்லோரும் கைதட்டினோம். அப்புறம் தலைமை எழுத்தர் மெல்லக் கேட்டார், "மொத மாலை யாரு போடுறதுன்னு வெச்சுக்கலாம்?"

அவ்வளவுதான். அன்றைய கூட்டமும் அடுத்த இரண்டு கூட்டங்களும் அதிலேயே போயின.

போட்டி இரண்டு பேருக்கு. ஒருவர் மிராசுதார். ஆஸ்பத்திரி நிற்கிற மனை அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்தது. உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் பாதிக்கு மேல் போய்விட்டாலும் ஜிப்பாவின் மடிப்பு மட்டும் கலையாதவர். இன்னொருவர் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். தோளில் சிவப்புத் துண்டு. இந்தக் கட்டிடத்துக்கு மண் சுமந்து, கல் சுமந்தது அத்தனையும் எங்கள் சங்கத்து ஆட்கள் என்பது அவர் பாத்தியதை. இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. ஒருவர் முதல் மாலை போட்டால் மற்றவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் அவர் பின்னால் இருக்கிற பாதி ஊர் வராது.

இந்த இருவரையும் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அறுப்புக் கூலிக்காகப் போராட்டம் நடந்த காலம். ஊருக்கு ஊர் கொடி, ஊருக்கு ஊர் போலீஸ். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து மிராசுதார் அறுப்புக்கு இறக்க, சங்கத்து ஆட்கள் மறிக்க, களத்துமேட்டில் பெரிய அடிதடி. நான் வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது மிராசுதாருக்கு மண்டை பிளந்திருந்தது. தலைவருக்குக் கால் முறிந்திருந்தது. வண்டியில் என் பக்கத்தில் அம்மா. இறங்கிப் பார்த்தார். மிராசுதார் வீட்டு ஆட்கள், "மொதல்ல எங்க ஐயாவ கொண்டு போய் விட்டுட்டு வாங்க" என்றார்கள். சங்கத்து ஆட்கள் வண்டிக்கு முன்னால் படுத்துவிடுவதாகச் சொன்னார்கள்.

"ரெண்டாவது நடை நான் வர்றதுக்குள்ள ஒருத்தர் போயிடுவார். யாருன்னு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ரெண்டு பேரையும் ஏத்துங்க" என்றார் அம்மா.

ஏற்றினோம். வழி முழுக்க இருவரும் படுத்தபடியே ஒருவரை ஒருவர் ஏழு தலைமுறைக்கும் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டு வந்தார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயில் போகும்வரை சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதால் நிறுத்தினார்கள். கேட் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். "இவ்வளவு திட்ட முடியுதுன்னா ரெண்டு பேரும் பொழச்சுக்குவாங்க" என்றார் அம்மா என்னிடம்.

ஆண்கள் வார்டில் அன்று காலியாக இருந்தவை அடுத்தடுத்த இரண்டு கட்டில்கள். தனி அறை வேண்டும் என்று மிராசுதார் வீட்டார் கேட்டார்கள். தனி அறையில் பிரசவத்தில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் இருந்தாள். "அவங்கள எழுப்பி வெளிய அனுப்பட்டுங்களா?" என்று அம்மா கேட்டார். வாரக்கணக்கில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தார்கள். மின்விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு நர்ஸ் கடிகாரம் பார்த்துப் பஞ்சாயத்து செய்தாள். உடம்பு தேறிய பிறகு இன்னொரு தொல்லை. முதலில் வீட்டுக்குப் போகிறவன் பயந்து ஓடியவன் என்று ஆகிவிடுமாம். அதனால் இருவருமே தலைவலி, கால்வலி என்று சொல்லி நகர மறுத்தார்கள். மூன்று நாள் பார்த்தார் அம்மா. நான்காம் நாள் இருவரையும் ஒரே நிமிஷத்தில் எழுப்பி, ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றி, "டிரைவர் சார், கொண்டு போய் விடுங்க" என்றார். இந்தத் தடவை என் மேல் என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை.

அப்படிப்பட்டவர்கள் முதல் மாலைக்கு விட்டுக்கொடுப்பார்களா? மூன்றாவது கூட்டத்தில் நான் பொறுமை இழந்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. கூட்டத்தில் பேச டிரைவருக்கு இடமில்லை, ஆனாலும் பெஞ்சின் ஓரத்திலிருந்து எழுந்து, "பேசாம டோக்கன் போடுங்க" என்றேன்.

சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கு ஜன்னல் திறக்கும். நம்பர் போட்ட பித்தளை வில்லை கொடுப்பார்கள். யாராக இருந்தாலும் வில்லையின் வரிசைதான். ஒரு தாசில்தார் காய்ச்சலோடு வந்து, மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளுக்கு அடுத்த ஆளாக ஒரு மணி நேரம் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அது ஆபீஸ் அம்மா கொண்டுவந்த முறை. அவருடைய விழாவில் அந்த முறை வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? விழா அன்று காலை ஜன்னலில் வில்லை வாங்குகிற வரிசைப்படி மாலை என்று முடிவானது. நான் அன்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

அந்த நிமிர்வு இரண்டு நாள் இருந்தது. கமிட்டி சார்பில் பெரிய மாலை ஒன்று சொல்லிவிட்டு வர என்னைக் கும்பகோணத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆஸ்பத்திரிப் பிள்ளையாருக்கு வழக்கமாகப் பூக் கட்டுகிறவர் கடை. "கல்யாண மாலைக் கணக்குல தடிமனா கட்டுங்க. ரோஜா வையுங்க. எங்க ஆபீஸ் அம்மாவுக்கு" என்றேன்.

அவர் கை நாரிலேயே நின்றுவிட்டது. "அந்த அம்மா மாலை போட்டுக்குவாங்களா?" என்று கேட்டார்.

"ஏன் போட்டுக்க மாட்டாங்க?"

"இல்ல, இத்தனை வருஷமா வர்றாங்க. புள்ளையாருக்கு வாங்குவாங்க, டாக்டரம்மா வீட்டுக் குழந்தைக்கு வாங்குவாங்க. தனக்குன்னு ஒரு கண்ணி பூ வாங்குனதில்லியே. அதான் கேட்டேன்."

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. மூன்று கூட்டம் கூடினோம். முப்பது பேர் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினோம். மாலையை வாங்கிக்கொள்ள வேண்டியவர் அதை வாங்கிக்கொள்வாரா என்று ஒருத்தருக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். தலைமை எழுத்தரின் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எல்லோரையும் என் வண்டியில்தான் ஏற்றிப் போனேன். மாலை மாற்றுகிற நேரத்தில் அம்மா மண்டபத்துக்குள் இல்லை. வெளியே வண்டிப் பக்கம் வந்து, டயரில் காற்று இருக்கிறதா என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். இவருக்கு இந்த நேரத்தில் டயர்தான் கவலையா என்று நான் மனதுக்குள் அலுத்துக்கொண்டேன். மடையன்.

மறுநாள் தஞ்சாவூர் போகும் வழியில் வண்டியில் கேட்டேவிட்டேன். நேராகக் கேட்கத்தான் எனக்குத் தெரியும்.

"அம்மா, விழாவுல மாலை போடுவாங்க. போட்டுக்குவீங்கல்ல?"

அம்மா ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்று விட்டிருந்தார்கள்.

"பேசுறவங்க பேசட்டும். சாப்பாடு போடட்டும். மாலை வேண்டாங்க" என்றார்.

"ஏம்மா?"

"வீட்டுல பெரியவங்க இருக்காங்க."

அதற்கு மேல் அவராகத்தான் சொன்னார். கணவர் போய் இரண்டு வருஷம் கழித்து வேலைக்குப் போகிறேன் என்று நின்றபோது வீட்டில் எல்லோரும் எதிர்த்தார்கள். கடைசியில் அவருடைய அத்தை, அதாவது கணவரின் அம்மா, ஒரு வார்த்தை சொன்னாராம். 'போ. ஆனா பூவும் மாலையுமா நீ நின்னேன்னு ஒருத்தன் வந்து என்கிட்ட சொல்லக் கூடாது' என்று. "அந்த ஒரு வார்த்தைய வாங்கிக்கிட்டுத்தான் என்னை வெளிய விட்டாங்க. அன்னிக்கு அவங்க விடலன்னா நான் இன்னிக்கு எங்க இருப்பேன், சொல்லுங்க? அவங்க இருக்கற வரைக்கும் அந்த வார்த்தைய நான் மீற மாட்டேன்." தனக்குப் பூவில் ஆசை இல்லை என்று அவர் சொல்லவே இல்லை. நான் அதைக் கவனித்தேன்.

கமிட்டியிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டோக்கன் யோசனை என்னுடையது, அது அந்தரத்தில் தொங்குகிறது என்று போய் நிற்க மனம் வரவில்லை. அதுதான் உண்மை. மேடையில் அத்தனை பேர் முன்னால் அம்மா கையெடுத்து மறுத்தால் இரண்டு கிழவர்களும் என்ன செய்வார்கள், அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று நினைக்க நினைக்கச் சோறு இறங்கவில்லை.

ஆகவே நான் அந்தப் பெரியம்மாவையே பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில் மருமகளோடு இருந்தார். நிலமெல்லாம் போனபின் ஒரே ஒரு இரும்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர். எண்பதைத் தாண்டியும் குரலில் மிராசு குறையவில்லை. நான் சேர்ந்த புதிதில் என்னை 'டேய்' என்பார். பத்து வருஷத்தில் 'ஏய்' ஆனது. அப்புறம் 'ஏம்ப்பா' ஆகி அங்கேயே நின்றுவிட்டது. மருமகளின் சம்பளத்தில் காலம் தள்ளினாலும் கட்டளை எல்லாம் அவருடையதுதான். ஆனால் அம்மா டெல்டா வெள்ளத்தில் படகு பிடித்து முகாமுக்குப் போய் இரண்டு நாள் திரும்பாதபோது, இந்தக் கிழவி குடையைப் பிடித்துக்கொண்டு கேட்டிலேயே நின்றதும் எனக்குத் தெரியும்.

பின்கட்டில் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ அனுப்புனாளா?"

"இல்லங்க பெரியம்மா. நானாத்தான் வந்தேன்." மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

உளுந்தில் கல் பொறுக்குவது நிற்கவில்லை. "ஊரு என்னப்பா சொல்லும்?" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த ஊருங்க? ஊரே மாலைய கையில வெச்சுக்கிட்டு, நீ முந்தியா நான் முந்தியான்னு அடிச்சுக்குது. நீங்கதான் வேண்டாங்கறீங்க."

"நான் எங்கடா வேண்டான்னேன்?"

'டேய்' திரும்ப வந்துவிட்டதே என்று பயந்தபடி, அம்மா வண்டியில் சொன்ன அந்த வார்த்தையை அப்படியே சொன்னேன். பெரியம்மாவின் கை நின்றது.

"நான் சொன்னேனா அப்படி?"

"அம்மா சொன்னாங்க."

"எனக்கு நெனப்பே இல்லியே. புள்ளைய வாரிக் குடுத்துட்டு உக்காந்திருந்தேன், என்னென்னமோ பேசிருப்பேன். அவளுக்கே பூ மேல மனசு விட்டுப் போச்சுன்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." முறத்தைக் கீழே வைத்தார். "முப்பத்து மூணு வருஷம். ஒரு வார்த்தை கேட்டாளா பாரு, கழுதை."

யாரைத் திட்டுகிறார் என்று தெரியவில்லை.

"நீ போ. ஒன் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தேன்.

விழா நாள் விடிந்தது. ஆறு மணிக்கு வில்லை. ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் நான் ஜன்னலருகே போனபோது மிராசுதார் தடியை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து தலைவர், முறிந்து சேர்ந்த காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்ததும் இருவர் நடையும் கூடியது. எழுபது வயதுக்காரர்கள் ஓட்டமாக வருவதை அப்போதுதான் பார்த்தேன். இரண்டு கைகளும் ஒன்றாக ஜன்னலுக்குள் நுழைந்தன.

சீட்டு எழுதுகிறவர் தயங்கித் தயங்கிச் சொன்னார், "ஒண்ணாம் நம்பர் போயிடுச்சுங்களே."

"போயிடுச்சா? இன்னும் ஆறு அடிக்கலையே" என்றார் மிராசுதார்.

"சரியா ஆறு அடிச்சாத்தான் வேணும்னு அஞ்சு மணிலேருந்து உள்ள வந்து உக்காந்திருந்தாங்க. நம்ம கடியாரம் பத்து நிமிஷம் முந்திங்க. அது அடிச்சதும் வாங்கிட்டாங்க. யாருன்னு சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

இரண்டாம், மூன்றாம் வில்லைகள் ஜன்னல் பலகையில் கிடந்தன. எது யாருக்கு என்று இருவருமே பார்க்கவில்லை. கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் போய் அமர்ந்தார்கள். ஒரே பெஞ்சில். "எவனாயிருக்கும்?" என்று மிராசுதார் கேட்டார். "வட்டச் செயலாளர் பயலா இருக்கும். போஸ்டர்லயே அவன் மூஞ்சிதான் பெருசு" என்றார் தலைவர். "இருக்கும், இருக்கும். நாம ரெண்டு பேரும் சேந்து கேட்டா என்ன?" என்றார் மிராசுதார். இருபத்தைந்து வருஷத்துக்குப் பின் அந்த இருவரும் சேர்ந்து பேசிய முதல் பேச்சு அது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

எனக்கு மட்டும் அந்த ஒன்றாம் நம்பர் யாராக இருக்கும் என்று ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் என்ன செய்வதற்காக வாங்கியிருக்கிறார் என்பது தெரியவில்லை. மேடையேறி, இவளுக்கு ஒருத்தனும் மாலை போடக் கூடாது என்று சொல்லிவிட்டு இறங்கினாலும் இறங்கக்கூடியவர்தான்.

பந்தல் கொள்ளாத கூட்டம். பாம்பு கடித்துப் பிழைத்தவர்கள் மட்டுமே தனியாக ஒரு பந்தி சாப்பிடலாம் போலிருந்தது. எங்கள் வார்டில் பிறந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வாழைத்தார், பூசணிக்காய், புது நெல் மூட்டை என்று ஆளாளுக்கு எதையோ கொண்டுவந்து மேடைக்கு அடியில் இறக்கினார்கள். எங்கள் தெருச் சனமும் மிராசுதார் தெருச் சனமும் இடம் பிடிக்க ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஒரே சமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. டைப்பிஸ்ட் வாழ்த்து மடலை வாசித்தார். "கனிவின் கடலே" என்றதும் ஆபீஸ் அம்மா தலையைக் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று கூட்டம் நினைத்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும்.

பிறகு தலைமை எழுத்தர் மைக்கைப் பிடித்தார். "டோக்கன் நம்பர் ஒன்று."

அம்மா சட்டென்று எழுந்துவிட்டார். மறுப்பதற்காகக் கைகளைக் கூப்பிக்கொண்டார். அப்போது பக்கவாட்டுப் படியில், நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா ஏறி வந்தார். பித்தளை வில்லையை எழுத்தரிடம் கொடுத்தார். கூப்பிய கையோடு அம்மா அப்படியே நின்றார்.

பெரியம்மா கையில் மாலை இல்லை. மாலைக்கு யாரிடமும் சொல்லவில்லை போலிருக்கிறது. அடுத்து நின்ற இரண்டு கிழவர்களையும் திரும்பிப் பார்த்தார். "இப்படிக் குடு" என்று தலைவரின் மாலையை வாங்கினார். "நீயும் குடு" என்று மிராசுதாரின் மாலையையும் வாங்கினார். இருவரும் மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாலைகளின் பாரத்தில் அவருக்குக் கை தாழ்ந்தது. அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் ஒருவரும் இந்தப் பக்கம் ஒருவருமாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்கள்.

"அத்தை, வேண்டாம் அத்தை. எனக்கு எதுக்கு?" என்றார் அம்மா.

தலைமை எழுத்தருக்கு மைக்கைத் தள்ளிப் பிடிக்கத் தோன்றவில்லை. அவர் மலைத்துப்போய் அதை நடுவிலேயே நீட்டிக்கொண்டு நின்றார். அதனால் பெரியம்மா சொன்னது ரோடு வரைக்கும் கேட்டது.

"அன்னிக்கு நான் சொன்னதக் கேட்ட. இன்னிக்கும் சொல்றேன், கேளு. குனி."

அம்மா குனிந்தார். மூன்று பேருமாகத் தூக்கி மாலைகளைப் போட்டார்கள். நாயனக் கோஷ்டி கெட்டிமேளமே கொட்டிவிட்டது. பந்தலில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம்? மாலை விழுந்த பிறகும் அம்மா நிமிரவில்லை. குள்ளமான அத்தையின் தோளில் நெற்றியை வைத்தபடி அப்படியே நின்றார். பெரியம்மா தன் இடுப்பில் செருகியிருந்த ஒரு வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்த மல்லிகைச் சரத்தை எடுத்து, மருமகளின் நரைத்த கொண்டையில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.